உஷார்! ஓடுகிற எஞ்சினில் நொசில் பைப்பைத் தளர்த்தாதீர்கள்

கொமன் ரெயில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது நொசில் பைப்பின் நட்டில் ஸ்பேனர் வைக்காதீர்கள். டீசல் எங்கே கசிகிறது என்று விரலால் தடவிப் பார்க்காதீர்கள். மிச்சத்தை வாசிக்க நேரமில்லாத கராஜ்காரர் இந்த இரண்டு வரியை மட்டுமாவது தன்னிடம் வேலை பழகும் பையனுக்குச் சொல்லிவிடட்டும். சொல்லாமல் விட்டால் போவது அவனுடைய விரல். சில வேளை கையே போய்விடும்.

கண்டியிலிருந்து மஹியங்கனை போகும் ஏ26 வீதியை ஓட்டியவர்களுக்கு அது எஞ்சினை என்ன பாடு படுத்தும் என்று தெரியும். ஹசலகவில் இருந்து பதினெட்டு வளைவில் ஏறி, மடுகொட, உடதும்பர, ஹுன்னஸ்கிரிய தாண்டி தெல்தெனியவுக்கு இறங்குவதற்குள், நெல்லோ சோளமோ ஏற்றிய லொறிக்கு உள்ளே எந்தக் கோளாறு ஒளிந்திருந்தாலும் வெளியே வந்துவிடும். திகனப் பக்கம் டொலமைட் ஏற்றும் டிப்பர்களுக்கும், ரங்கலைத் தோட்டங்களுக்கு ஏறி இறங்கும் லொறிகளுக்கும் இதே நிலைதான். ஏற்றத்தில் இழுவை விட்டுப்போகும். ஒரு சிலிண்டர் மிஸ் அடிக்கும். கரும்புகை தள்ளும். சாரதி வந்து, "பாஸ், ஏத்தத்துல இழுக்குதில்ல, ஐடில்ல ஆடுது. பின்னேரம் லோட் ஏத்தணும்" என்பார். பாஸ் கேபினைத் தூக்கிவிட்டு 17ஆம் நம்பர் ஸ்பேனரைக் கேட்பார்.

அந்த ஸ்பேனர் எதற்கு என்று தொழில் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எஞ்சினை ஐடிலில் விட்டு, முதலாம் சிலிண்டருக்குப் போகும் டீசல் பைப்பின் நட்டைக் கொஞ்சம் தளர்த்துவார்கள். சத்தம் தடுமாறினால் அந்த சிலிண்டர் ஒழுங்காக வேலை செய்கிறது. இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். எதைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லையோ அதுதான் செத்த சிலிண்டர். ஐந்து நிமிட வேலை, காது ஒன்றே கருவி. பழைய டாட்டாவையும் லேலண்டையும் கன்டரையும் எல்ஃபையும் இத்தனை காலம் மலைநாட்டில் ஓடவைத்தது இந்த அறிவுதான். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

பழைய எஞ்சினில் அது சரியாக வந்ததற்குக் காரணம் இருக்கிறது. அந்த பம்ப் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிப் பைப் வழியாக, ஒவ்வொரு அடிக்கும் ஒரு சொட்டு அளவு டீசலை மட்டும் தள்ளும். நட்டைத் தளர்த்தினால் அந்தச் சொட்டு வெளியே வழியும், அழுத்தம் ஏற வழியில்லாமல் போகும். நொசில் திறப்பதே சுமார் 200 பார் அழுத்தத்தில்தான்.

1995இல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் ஹினோ ரேஞ்சர் லொறிக்குக் கொமன் ரெயில் முறையைக் கொண்டுவந்ததோடு கணக்கு மாறியது. இதில் பம்ப் டீசலைச் சொட்டுச் சொட்டாக அனுப்புவதில்லை. தலைமாட்டில் படுத்திருக்கும் 'ரெயில்' என்ற ஒரு தடித்த இரும்புக் குழாயில் இடைவிடாமல் அமுக்கி நிரப்பிவைக்கிறது. எப்போது, எவ்வளவு என்பதை நொசிலின் மேலுள்ள மின்வால்வு தீர்மானிக்கிறது. அந்தக் குழாயில் அழுத்தம் ஆரம்ப காலத்திலேயே 1200 பார் வரை போனது. பிறகு 1600, 1800, 2000 என்று ஏறியது. லொறி டயருக்கு நீங்கள் 100 பி.எஸ்.ஐ. காற்று அடிக்கிறீர்கள். 1600 பார் என்பது சுமார் 23,000 பி.எஸ்.ஐ. மனிதத் தோலைத் துளைத்து உள்ளே புக, மெல்லிய துளையிலிருந்து பீறும் திரவத்துக்கு 100 பி.எஸ்.ஐ. அளவே போதும் என்கிறார்கள் மருத்துவர்கள். இதற்கு மேல் நான் பயமுறுத்த ஒன்றுமில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டு நட்டைத் தளர்த்தினாலும் நோய் தெரியாது. ஒரு பைப் திறந்தால் முழு ரெயிலின் அழுத்தமும் விழும், எல்லா சிலிண்டரும் சேர்ந்து தடுமாறும் அல்லது எஞ்சின் நின்றுவிடும். எந்த சிலிண்டர் செத்தது என்ற கேள்வி அப்படியே நிற்கும். விரலைப் பணயம் வைத்துச் செய்கிற, பதில் கிடைக்காத சோதனை இது.

டேங்கில் டீசல் தீர்ந்து வழியில் நின்ற லொறிக்கு ஏர் எடுக்கிறபோதும் இதே ஆபத்து. பழைய எஞ்சினில் நொசில் நட்டைத் தளர்த்திவிட்டு ஸ்டார்ட்டர் அடிப்பார்கள், நுரை நின்று சுத்த டீசல் வந்ததும் இறுக்குவார்கள். கொமன் ரெயிலில் ஸ்டார்ட்டர் அடிக்கும் நேரத்திலேயே ரெயில் அழுத்தம் 200 பார் அளவுக்கு எகிறுகிறது. அந்த அளவு வந்தால்தான் பல எஞ்சின்களில் கம்ப்யூட்டர் நொசிலைத் திறக்கவே விடும். ஆகவே ஏர் எடுப்பதென்றால் ஃபில்டர் பக்கம், கைப்பம்ப் பக்கம் மட்டும். பம்புக்கு அப்பால் இருக்கும் இரும்புப் பைப்புகளைத் தொடக்கூடாது.

எது பழையது, எது புதியது என்று எப்படித் தெரியும்? இங்கேதான் நல்ல பாஸ்மாரும் ஏமாறுகிறார்கள். எல்ஃப் என்றால் வெளியே ஒரே முகம். உள்ளே 4எச்எஃப்1 இருந்தால் பழைய முறை, 4எச்எல்1 அல்லது 4எச்கே1 இருந்தால் கொமன் ரெயில். கன்டரிலும் 4டி33 பழைய முறை, 4எம்42 டர்போவில் கொமன் ரெயில். ரீகண்டிஷனாக வந்து எஞ்சின் மாற்றிப் போட்ட லொறிகளும் ஓடுகின்றன, புத்தகத்தில் எழுதியிருப்பதை நம்ப முடியாது. கண்ணால் பாருங்கள். பம்பின் தலையிலிருந்து நாலு சிலிண்டருக்கு நாலு, ஆறுக்கு ஆறு என்று பைப்புகள் புறப்பட்டால் பழைய முறை. பம்பிலிருந்து ஒன்றோ இரண்டோ பைப் மட்டும் போய் ஒரு தடித்த குழாயில் சேர்ந்து, அங்கிருந்து கிளை பிரிந்தால், ஒவ்வொரு நொசிலின் தலைக்கும் வயர் போனால், அது கொமன் ரெயில். சந்தேகமாக இருந்தால் கொமன் ரெயில் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த வயரையும் எஞ்சின் ஓடும்போது பிடுங்காதீர்கள். நொசில் திறக்க அதில் பட்டரியின் 24 வோல்ட்டைத் தாண்டிய மின்சாரம் போகிறது, அதுவும் ஆளை அடிக்கும்.

எஞ்சினை நிறுத்திய மறுநிமிடமே நட்டைத் தொடவும் வேண்டாம். ரெயிலில் அழுத்தம் இறங்க நேரம் கொடுங்கள். குறைந்தது 10 நிமிடம் விடுவது நல்லது. அந்த எஞ்சினின் கையேட்டில் அதற்கு மேல் சொல்லியிருந்தால் கையேடு சொல்கிறபடி.

விரலுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆட்கள் ஏமாந்துபோவது இந்த இடத்தில்தான்.

பைப்பில் ஒரு மயிரிழை வெடிப்பு. அதிலிருந்து வரும் டீசல் பல வேளை கண்ணுக்கே தெரியாது. சுற்றிலும் ஈரம் மட்டும் தெரியும். இருட்டில் ஃபோன் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு, வலது கையில் ஸ்பேனர் இருப்பதால், இடது கையின் சுட்டுவிரலை நீட்டித் தேடுவார்கள். உலகெங்கும் இந்தக் காயம் அதிகமாகப் படுவது வேலைக்குப் பழகாத கையின் சுட்டுவிரலில்தான் என்று மருத்துவப் பதிவுகள் சொல்கின்றன. தோல் கையுறை தடுக்காது. சாக்குத் துணி சுற்றினாலும் தடுக்காது. சுருக்கென்று முள் குத்தியது போல ஓர் உணர்வு, ஒரு சின்னப் புள்ளி, ஒரு துளி இரத்தம். சிலருக்கு அதுவும் இல்லை. பெரிதாக வலி இருக்காது. துடைத்துவிட்டு வேலையைத் தொடர்வார்கள்.

உள்ளே புகுந்த டீசல் விரலின் தசைநாண் உறை வழியாக உள்ளங்கைக்கும் சில வேளை முழங்கைப் பக்கத்துக்கும் ஓடிவிட்டிருக்கும். அழுத்தத்தால் இரத்த ஓட்டம் நசுங்கும், டீசலின் விஷம் சதையை அரிக்கும். சில மணி நேரத்தில் விரல் விறைத்து வீங்கி வெளுக்கும், பிறகு தாங்க முடியாத வலி. இரவில்தான் ஆஸ்பத்திரி நினைவு வரும், அதற்குள் பொழுது போய்விடும்.

இது கொமன் ரெயிலோடு வந்த புது நோயும் இல்லை. டீசல் எஞ்சினில் இருந்து பீறிய எண்ணெய் உடலுக்குள் புகுந்த காயத்தை அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகை 1937லேயே பதிவு செய்துவிட்டது. ஆகவே பழைய நொசில்களை மேசையில் வைத்து டெஸ்ட்டரில் அடித்துப் பார்க்கும் கடைக்காரரும் கேட்டுக்கொள்ளட்டும்: ஸ்ப்ரே எப்படி வருகிறது என்று உள்ளங்கையைக் காட்டக்கூடாது. பெயின்ட், கிறீஸ், டீசல் என்று பலவகைத் திரவங்கள் உயர் அழுத்தத்தில் கைக்குள் புகுந்த 435 பேரின் பதிவுகளைத் திரட்டி 2006இல் வந்த ஒரு மருத்துவ ஆய்வில், ஏறத்தாழ 30 சதவீதத்தினருக்கு விரலோ கையின் பகுதியோ வெட்டி அகற்றப்பட்டிருந்தது. முதல் 6 மணி நேரத்துக்குள் அறுவை செய்து சுத்தப்படுத்தியவர்களுக்குக் கை தப்பும் வாய்ப்பு கூடியிருந்தது.

ஆறு மணி நேரம். தெல்தெனியவிலிருந்து கண்டி தேசிய வைத்தியசாலைக்கு அதில் ஒரு பங்கு நேரம் போதும். தூரம் நம்மைத் தோற்கடிப்பதில்லை. "சின்னக் காயம்தானே" என்ற நினைப்புத்தான் தோற்கடிக்கிறது.

அப்படி ஒருவருக்கு நடந்துவிட்டால், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கையிலுள்ள மோதிரம், மணிக்கூடு, கோயில் கயிறு, பிரித் நூல் எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள், கயிறென்றால் வெட்டிவிடுங்கள். பிறகு வருத்தப்படலாம். காயத்தைப் பிதுக்க வேண்டாம், பிளேடால் கீற வேண்டாம், ஐஸ் வைக்க வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம். கையை உயர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். அறுவை தேவைப்படும் என்பதால் சாப்பாடு, தேத்தண்ணி எதுவும் கொடுக்காதீர்கள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். அது வரும்வரை காத்திருப்பதைவிட வாசலில் நிற்கும் வேன் சீக்கிரம் போகுமென்றால் அதிலேயே ஏற்றுங்கள்.

தெல்தெனிய ஆதார வைத்தியசாலைக்கு முதலில் போனாலும் சரி, அங்கே வாயைத் திறந்து சொல்லுங்கள்: "லொறி எஞ்சினிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் விரலுக்குள் ஏறிவிட்டது, இத்தனை மணிக்கு." முள் குத்தியது என்று சொன்னால் ஓர் ஏற்பு ஊசியும் பிளாஸ்டரும் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடக்கூடும், அதற்கு மருத்துவரைக் குறை சொல்ல முடியாது, காயம் அப்படித்தான் தெரியும். அறுவைச் சிகிச்சை மருத்துவர் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். வற்புறுத்திக் கேளுங்கள். வெளியே இருக்கும் புள்ளியின் அளவை வைத்து இந்தக் காயத்தை யாரும் எடைபோடக்கூடாது.

சரி, ஸ்பேனர் வைக்காமல் மிஸ் அடிக்கும் சிலிண்டரை எப்படிக் கண்டுபிடிப்பது? பாஸ்மார் கேட்கும் நியாயமான கேள்வி இது, பதிலும் இருக்கிறது.

முதலில், இழுவை இல்லை என்று வரும் லொறிகளில் எத்தனையோ உயர் அழுத்தப் பக்கம் போகவே தேவையில்லாதவை. டீசல் ஃபில்டர் அடைத்திருக்கும். நீர் பிரிப்பானில் தண்ணீர் நிற்கும். ஏர் ஃபில்டரில் திகனத் தூசி கல்லாய் உறைந்திருக்கும். டர்போவிலிருந்து வரும் ரப்பர்க் குழாய் அடிப்பக்கம் கிழிந்திருக்கும், சும்மா நிற்கும்போது தெரியாது, ஏற்றத்தில் காற்று போய்க் கரும்புகை தள்ளும். காலையில் வெண்புகையென்றால் எரியாத டீசலா, ரேடியேட்டர் தண்ணீரா என்று மணத்திலேயே பிரிக்கலாம். நீலப்புகை எஞ்சின் ஒயில். இவற்றைப் பார்த்து முடிப்பதற்குள் பாதி லொறிகள் வீதிக்குத் திரும்பிவிடும்.

அதற்குப் பிறகும் ஒரு சிலிண்டர்மேல் சந்தேகம் இருந்தால், தொடாமல் சூடு காட்டும் அகச்சிவப்பு வெப்பமானியை வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, புகைப்போக்கி மனிஃபோல்டின் ஒவ்வொரு வாயிலும் காட்டிப் பாருங்கள். மற்றவை சூடேறும்போது சூடேறாமல் நிற்கும் வாய் எதுவோ, அந்த சிலிண்டர்தான். நொசிலின் ரிடர்ன் குழாய் வெளியே வரும் எஞ்சினென்றால், எஞ்சினை நிறுத்திவிட்டு அந்தத் தாழ் அழுத்தக் குழாய்களில் ஒரே அளவுப் போத்தல்களை மாட்டி, குறிப்பிட்ட நேரம் ஓடவிட்டு எதில் அதிகம் நிரம்புகிறது என்று பாருங்கள். தேய்ந்த நொசில் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். ஸ்கேனர் இருந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு நொசிலையும் அதிலிருந்தே நிறுத்திப் பார்க்கலாம். பழைய ஸ்பேனர் சோதனையின் அதே வேலை, கை எஞ்சினுக்குள் போகாது. ரெயில் அழுத்தம் எவ்வளவு கேட்கப்படுகிறது, எவ்வளவு இருக்கிறது என்பதையும் அது காட்டும். அது பம்ப் நோயா நொசில் நோயா என்று பிரித்துவிடும்.

கசிவைத் தேடுவதென்றால் எஞ்சினை நிறுத்தி, சுத்தமாகத் துடைத்து, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, மறுபடி நிறுத்தி ஈரம் எங்கே என்று பாருங்கள். ஓடும்போதுதான் பார்த்தாக வேண்டும் என்றால் கண்ணாடி போட்டுக்கொண்டு, நீளமான காட்போட் அட்டையைத் தள்ளி நின்று பிடியுங்கள். அட்டையில் கோடு விழும் இடம் கசியும் இடம். கை அட்டைக்கு முன்னால் போகக்கூடாது. உயர் அழுத்தப் பைப்பை வளைத்து, ஈயம் வைத்து, வெல்டிங் போட்டு ஒப்பேற்றுவது வேண்டவே வேண்டாம். அது அடுத்த ஆளுக்கு வைத்துவிட்டுப் போகும் பொறி.

இந்த நொசில்கள் ஏன் இப்படிச் செத்துச் செத்து வருகின்றன என்பதற்கு நம் நாட்டின் சமீபக் கதையும் ஒரு காரணம். 2022 ஜூன் 26ஆம் திகதி ஒரு லீற்றர் ஓட்டோ டீசல் 460 ரூபாவுக்கு ஏறியது. மண்ணெண்ணெய் அதே ஆண்டு ஓகஸ்ட் வரை 87 ரூபாவில் நின்றது. கியூவில் கிடந்த வயிறெரிச்சலில் கலந்து அடித்தவர்களை அப்போது குறை சொல்ல யாருக்கும் மனம் வந்திராது. ஆனால் கொமன் ரெயில் பம்புக்கு டீசலேதான் உராய்வு தடுக்கும் ஒயில். மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்புக் குறைவு. உரசிய பம்பின் இரும்புத் துகள் ரெயில் வழியாக எல்லா நொசிலுக்கும் போகும். பீப்பாயிலும் கேனிலும் மாதக்கணக்கில் வைத்த டீசலில் சேர்ந்த தண்ணீர் மிச்சத்தைச் செய்யும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு ஆண்டுக்கணக்கில் இழுபட்டதால், ஓய்வு கொடுக்க வேண்டிய லொறிகளும் கழற்றிய பைப்பையே திரும்ப மாட்டி ஓடுகின்றன. கராஜுக்கு வரும் கொமன் ரெயில் எஞ்சின்கள் இனிக் கூடுமே தவிரக் குறையாது.

லொறி முதலாளிமாருக்கும் ஒரு சொல். புகைப் பரிசோதனை நாளைக்கு, லோட் இன்றைக்கு என்று கராஜ் வாசலில் நின்று அவசரப்படுத்தும்போது, அந்த அவசரம் போய் விழுவது பதினெட்டு வயதுப் பையனின் கையில். பெரும்பாலும் அவனுக்கு வேலைக் கடிதம்கூட இல்லை. பாஸுக்குப் பக்கத்தில் நின்று பழகுகிறான், அவர் செய்ததைச் செய்கிறான். வேலையில் பட்ட காயத்துக்கு நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் நமக்கு இருக்கிறது. இதை அந்தப் பையன்களுக்கும் அவர்களுடைய தாய் தகப்பனுக்கும் யாராவது சொல்ல வேண்டும். காயம் பட்டால் எப்போது, எந்த லொறியில், என்ன வேலை செய்யும்போது என்று அன்றைக்கே எழுதி வைக்கவும், வைத்தியசாலைத் துண்டுகளைத் தொலைக்காமல் வைக்கவும் சொல்லிக்கொடுங்கள்.

தனியாக ஸ்கேனர் வாங்க முடியாது என்பவர்கள் திகனவிலிருந்து உடதும்பர வரை நாலைந்து கராஜ்கள் சேர்ந்து ஒன்றை வாங்கலாம். வெப்பமானியும் அட்டையும் கண்ணாடியும் நாளைக்கே வாங்கலாம். அதற்கும் முன்னால், கராஜில் அடுத்ததாக வந்து நிற்கும் கொமன் ரெயில் லொறியின் கேபினைத் தூக்கி, எஞ்சினை நிறுத்திவைத்து, பையன்களைக் கூப்பிட்டு ரெயிலையும் பைப்புகளையும் காட்டுங்கள். இது ஓடும்போது யார் சொன்னாலும், நானே சொன்னாலும், கை வைக்காதே என்று சொல்லுங்கள்.